மூன்றாம் குழாயில் நுரை

அந்த ஞாயிற்றுக்கிழமை சுல்ஃபியாவுக்கு விடுமுறை. முந்தின நாள் மாலையில் பிடித்த காற்று விடியும்வரை ஓயவில்லை. அவள் எழுந்தபோது மின்விசிறி நின்றிருந்தது. அடுக்களையில் மாமியார் கதீஜா பீவி புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தார்.

"சுபுஹு தொழுகைக்கு முன்னயே கரண்டு போச்சு. பாலத்துக்கிட்ட ரெண்டு தென்னை மறிஞ்சு லைன்ல கெடக்காம். இனி உச்சை கழிஞ்சுதான் வருமாம்" என்றார்.

சுல்ஃபியா சாயா டம்ளரை எடுத்தாள். பாதி குடித்ததும் கை நின்றது. கரண்ட் இல்லையென்றால் அவள் வேலை பார்க்கிற டீசல் கிடங்கில், மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிற மோட்டர் ஓடாது. அது ஓடாத நேரத்தில் சோப்புத் தொட்டியின் வால்வு மட்டும் திறந்திருந்தால்? சனிக்கிழமை நான்கு மணிக்கு அவள் கிளம்பும்போது வால்வு அடைத்துத்தான் இருந்தது. அவள் கண்ணால் பார்த்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஷாலைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"லீவு நாள்ல எங்க ஓடுத?"

"இந்தா வந்திருவேன் மாமி."

சுல்ஃபியாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பிறந்தது குளச்சலில். வாப்பா வலைக்கயிறும் ஈயக்குண்டும் விற்கிற கடை வைத்திருந்தார். நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வேதியியல் படித்தாள். படித்து முடித்ததும் குலசேகரத்தில் ரப்பர் பால் வாங்குகிற ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இரண்டு வருஷம் இருந்தாள். யார் கொண்டுவந்த பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லுகிற வேலை. எதிரே நின்று கத்துகிறவர்களிடம் குரலை உயர்த்தாமல் "இன்னொரு தடவை நீங்களே பாத்துக்கிடுங்க" என்று குப்பியை நீட்டுவதற்கு அங்கேதான் பழகினாள். பிறகு தேங்காய்ப்பட்டணத்து ரிஜ்வானுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். பதினோரு வருஷம் அவள் வீட்டில்தான் இருந்தாள்.

அவளை மறுபடி வேலைக்கு இழுத்தது அந்த டீசல்தான். தெருவின் மேல்முனையில் படகுகளுக்கு டீசல் விற்கிற தனியார் கிடங்கு ஒன்று இருந்தது. மண்ணுக்கடியில் புதைத்திருந்த பழைய இரும்புத் தொட்டி அடிப்பக்கம் துருப்பிடித்து எத்தனை வருஷமாக ஒழுகியதோ, யாருக்கும் தெரியவில்லை. கிடங்கின் பக்கவாட்டில் இருந்த இரண்டு வீட்டுக் கிணறுகளில் பல நிறத்தில் படலம் மிதந்த பிறகுதான் தெரிந்தது. வழக்கு நடந்தது. மண்ணைச் சுத்தம் செய்தே தீர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அந்த வேலையை எடுத்தது. மண்ணும் தண்ணீரும் எடுத்துச் சோதிக்க உள்ளூரில் வேதியியல் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். சுல்ஃபியா போய் நின்றாள்.

தொட்டியைத் தோண்டி எடுத்தாயிற்று. நிலத்தடி நீரின்மேல் மிதந்த டீசலையும் உறிஞ்சியாயிற்று. மிச்சம் மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் அது போகாது. மீன் பொரித்த சட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் அப்படியே இருக்குமே, அதுபோல. அதற்காகத்தான் சர்ஃபாக்டன்ட் என்கிற சோப்புச் சரக்கு. அதன் ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். மணலில் ஒட்டிய டீசலைப் பிய்த்தெடுத்துத் தண்ணீரோடு நகரச் செய்துவிடும். கிடங்கின் மேட்டுப் பக்கத்தில் உயரமான தொட்டியிலிருந்து குழாய் வழியாக அந்தக் கரைசலை மண்ணுக்குள் விடுவார்கள். தாழ்ந்த பக்கத்தில் மூன்று ஆழ்குழாய்களில் மோட்டர் வைத்து, டீசலோடு வருகிற தண்ணீரை உறிஞ்சி எடுத்துப் பிரிப்பார்கள்.

ஆபத்தும் அதிலேயே இருந்தது. மணலில் ஒட்டிக் கிடக்கிற டீசல் ஒரு வகையில் சிறைப்பட்ட டீசல். சோப்பு அதை அவிழ்த்துவிடுகிறது. அவிழ்த்ததை உடனுக்குடன் உறிஞ்சாவிட்டால் அது தண்ணீர் போகிற வழியில் போகும். தண்ணீர் போகிற வழியில் சுல்ஃபியாவின் வீடு இருந்தது. அதற்குக் கீழே பள்ளிவாசல் கிணறு. அதற்கும் கீழே கீழத்தெருவின் நாற்பது வீடுகள். கடலை ஒட்டிய ஊரில் உப்புக் கரிக்காத தண்ணீர் அந்த ஒரு சரிவில் மட்டும்தான் கிடைத்தது.

எல்லை தாண்டுகிறதா என்று பார்க்கக் கிடங்கின் கீழ்ச்சுவரை ஒட்டி மூன்று காவல் குழாய்கள் இறக்கியிருந்தார்கள். மூன்றாவது குழாய் சுல்ஃபியாவின் வீட்டுக்கு நேர் எதிரே.

கிடங்கின் கேட்டைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாக இரைந்துகொண்டிருக்கிற மூன்று மோட்டர்களும் செத்துக் கிடந்தன. அவள் மேட்டுக்கு ஓடினாள். வால்வின் கைப்பிடி குழாயோடு ஒரே நேராக நின்றது. முழுக்கத் திறந்திருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி அடைத்தாள். ஏணியில் ஏறித் தொட்டிக்குள் பார்த்தாள். சனிக்கிழமை நிறைந்திருந்த பத்தாயிரம் லிட்டரில் அடியில் ஒரு சாண்கூட இல்லை.

மணி எட்டே முக்கால். சுபுஹுக்கு முன் கரண்ட் போயிருக்கிறது. நான்கு மணி நேரமாகச் சோப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கிறது, வெளியே ஒரு சொட்டும் எடுக்கப்படவில்லை.

காவல் குழாய்களுக்கு வந்தாள். கயிறு கட்டிய சிறு குவளையை முதல் குழாயில் இறக்கித் தண்ணீர் எடுத்தாள். கண்ணாடிக் குப்பியில் பாதி ஊற்றி, மூடி, பத்து தடவை குலுக்கினாள். நுரை எழுந்து உடனே அடங்கியது. இரண்டாவது குழாயிலும் அப்படியே. மூன்றாவது குழாயின் தண்ணீரைக் குலுக்கினாள். வெள்ளையாக இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. அவள் வாய்க்குள் எண்ணினாள். அறுபது எண்ணியும் நுரை இறங்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தாள். டீசல்.

குப்பியைக் கீழே வைத்துவிட்டு ராஜகுமாருக்குப் போன் செய்தாள். ராஜகுமார்தான் அங்கே பொறுப்புப் பொறியாளர். நாகர்கோவிலில் குடியிருந்தார்.

"சார், வால்வு தொறந்து கெடந்தது. கரண்டு காலையிலயே போச்சு. மூணாம் குழாயில நுரை நிக்கிது."

"ஆபரேட்டர் ஷிபுகிட்ட நான்தான் தொறந்து வைக்கச் சொன்னேன்" என்றார் அவர். "மழைக்கு முன்ன முடிக்கணும். இருபதாம் தேதி ஆபீசர்மாரு பார்க்க வர்றாங்க. ஒரு ராத்திரிதானேன்னு நினைச்சேன். சரி, அடைச்சாச்சில்ல? சாம்பிள் எடுத்து வையி. நாளைக்கு லேபுக்கு அனுப்பலாம்."

"நாளைக்கா? சார், கீழ கெணறுகள் இருக்கு."

"மண்ணுக்குள்ள தண்ணி ஓடாதும்மா, ஊரும். ஒரு நாளைக்கு மூணடி, நாலடி. நீ யாருகிட்டயும் சொல்லி ஊரைக் கூட்டாத. கேட்டியா? வெளிய தெரிஞ்சா இந்த வேலை நின்னுபோகும். அப்புறம் அந்த டீசலை யாரும் எடுக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. தானாக விட்டால் தண்ணீர் ஊர்ந்துதான் போகும். போனை வைத்த பிறகுதான் மறுபாதி அவளுக்கு உறைத்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. எல்லா வீட்டு மொட்டைமாடித் தொட்டியும் காலியாகிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்த அந்த நிமிஷம் நாற்பது வீட்டு மோட்டரும் ஒரே நேரத்தில் ஓடும். நாற்பது கிணறும் ஒன்றாக உறிஞ்சினால் சரிவு முழுவதும் நீர்மட்டம் இறங்கும். ஊர்ந்துகொண்டிருக்கிற தண்ணீர் அப்போது ஊராது. ஓடும்.

அவள் அந்தக் குப்பியையும் காலிக் குப்பி ஒன்றையும் எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தாள். நடை பாதியிலேயே ஓட்டமாகிவிட்டது.

ஜமாஅத் செயலாளர் சேக் முகம்மது பள்ளிவாசல் முற்றத்தில் உடைந்து விழுந்த கொப்புகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருஷம் சவுதியில் இருந்துவிட்டு வந்தவர். டீசல் வழக்கை நடத்தியவரும் அவர்தான். அந்தக் கம்பெனியில் சுல்ஃபியா வேலைக்குச் சேர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆறு மாதமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"மாமா, மைக்கில ஒரு அறிவிப்புக் கொடுக்கணும். கரண்டு வந்தா ஆரும் மோட்டரு போடக்கூடாது. நான் சொல்லுதவரைக்கும் கெணத்து வெள்ளத்தக் குடிக்கவும் செய்யாண்டாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க கம்பெனி சொல்லியதா?"

"இல்ல. கம்பெனி சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு. நான் சொல்லுதேன்."

"என்ன நடந்துது?"

அவள் விளக்கிச் சொல்லவில்லை. குப்பியைக் குலுக்கி நீட்டினாள். நுரை நின்றது. "இனி ஒங்க கெணத்து வெள்ளத்த ஒரு குப்பியில எடுங்க" என்றாள். அவர் பள்ளிவாசல் கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் எடுத்தார். அவளுடைய இன்னொரு குப்பியில் ஊற்றித் தானே குலுக்கினார். நுரை எழுந்து, மூச்சு விடுவதற்குள் மறைந்தது. இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இது இதுக்குள்ள வருமா?"

"வரவிடாம இருக்கத்தான் ஓடி வந்தேன்."

"நீ சொல்லியது தப்பாப் போனா, மக்கா, பெறவு இந்த ஊர்ல ஒன் பேச்ச ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. தெரியுமில்லா?"

"தெரியும் மாமா."

பள்ளிவாசல் மைக் இன்வர்ட்டரில் ஓடக்கூடியது. பத்து நிமிஷத்தில் சேக் முகம்மதுவின் குரல் தெருவெல்லாம் கேட்டது. மூன்று முறை சொன்னார். கடைசி முறை அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னார்: "நம்ம ரிஜ்வான் பெண்டாட்டி சுல்ஃபியா சோதிச்சுப் பாத்துச் சொல்லியது இது."

வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். சிலர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "குடிக்க வெள்ளத்துக்கு எங்க போறது?" என்று ஒருத்தர் கத்தினார். "நீயும் அவனுகளோட சேந்துதானே இந்தச் சவத்துச் சோப்பக் கலக்கின?" என்றது இன்னொரு குரல். அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. அறிவிப்பை மட்டும் நம்பிவிட முடியாது. நாற்பது வீட்டில் பத்து வீட்டுக்காரர்கள் கேட்காமல் போனால்கூடப் போதும், காரியம் கெட்டுவிடும்.

பாலத்தருகே மின்வாரிய ஆட்கள் தென்னையை அறுத்து முடித்திருந்தார்கள். கம்பத்தின்மேல் ஒருவர், கீழே இரண்டு பேர். கீழே நின்ற செல்வதாஸ் என்கிற லைன்மேனை அவளுக்கு முகப்பழக்கம் உண்டு.

"அண்ணே, எப்பம் கரண்டு குடுப்பிய?"

"ஒரு மணிக்கூர். ஐஸ் பிளான்டுல மீனு கெடந்து நாறுது, போன் மேல போன்."

"ஐஸ் பிளான்டுக்குக் குடுங்க. டீசல் கிடங்குக்கும் குடுங்க. கிடங்குக்கு எவ்வளவு சீக்கிரம் குடுப்பியளோ அவ்வளவு நல்லது. எங்க தெரு லைன் மட்டும் இன்னும் ரெண்டு மணிக்கூர் வேண்டாம்."

செல்வதாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கரண்ட் வேண்டாம் என்று கேட்டு வந்த முதல் ஆள் அவளாகத்தான் இருந்திருப்பாள். அவள் சொல்லி முடித்ததும் தலையைச் சொறிந்தார்.

"தெரு ஃபியூசப் புடுங்கி வைக்கியது எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனா நாளைக்கு ஆபீஸ்ல என்னைய நிக்கவச்சுக் கேட்டா? எழுதித் தா மக்கா."

அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினாள். நேரம், காரணம், கீழே முழுப் பெயரும் கையெழுத்தும். எழுதும்போது அது கம்பெனியின் சார்பில் எழுதுவது அல்ல, கம்பெனிக்கு எதிராக எழுதுவது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. செல்வதாஸ் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இனி ஒரே ஒரு வேலை.

வீட்டு மோட்டர்களை எத்தனை நேரம் நிறுத்தி வைக்க முடியும்? இன்றைக்கு ஒரு நாள், மிஞ்சினால் நாளைக்கு. எல்லை தாண்டிய சோப்பையும் டீசலையும் எங்காவது ஓரிடத்தில் மறித்து உறிஞ்சி எடுக்க வேண்டும். காவல் குழாய் மெலிந்தது, அதில் பெரிய பம்பு இறங்காது. சரிவில் அதற்கு அடுத்து இருப்பது ஒரே கிணறுதான். சுவரிலிருந்து அறுபதடி தூரம். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால் சுற்றிலும் உள்ள தண்ணீர் அதை நோக்கித் திரும்பும். அழுக்கு பள்ளிவாசல் கிணற்றுக்குப் போகாமல் அதற்குள் வந்து விழும்.

அது அவள் வீட்டுக் கிணறு.

கதீஜா பீவி வாசலிலேயே நின்றிருந்தார். அறிவிப்பைக் கேட்டிருந்தார். "என்னெல்லாமோ சொல்லுதாங்களே பிள்ளே?"

"மாமி, நம்ம கெணத்த எனக்குத் தரணும்."

"தரவா? கெணத்த என்ன ஒக்கத்தில எடுத்து வச்சிட்டா போவ?"

சுல்ஃபியா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கதீஜா பீவி கேட்டுக்கொண்டே இருந்தார். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டை ஒற்றை ஆளாக நடத்தியவர். கோடையில் தெருவில் பாதிப் பேர் குடத்தோடு வந்து நின்றது அந்தக் கிணற்றடியில்தான்.

"அப்பம் அந்த நாத்தத்த நீயே நம்ம கெணத்துக்குள்ள இழுத்துவிடப் போற."

"ஆமா மாமி."

"இழுக்காம விட்டா?"

"நம்ம கெணத்துக்கு வராமலும் போகலாம். ஒதுங்கிப் போகலாம். ஆனா ஒதுங்கிப் போனா நேர பள்ளிக் கெணறு. பெறவு கீழத்தெரு முழுக்க."

"வரும்ணு ஒனக்கு உறுதியா?"

உறுதி என்று சொல்லிவிட்டால் காரியம் எளிதாகிவிடும்.

"உறுதி இல்ல மாமி. வந்தா தடுக்க வேற வழி இல்லைங்கிறதுதான் உறுதி."

"எத்தன நாளைக்கு இந்த வெள்ளம் குடிக்க முடியாது?"

"தெரியாது. வருஷக்கணக்காவும். எப்பவுமே முடியாமலும் போகலாம்."

கதீஜா பீவி கிணற்றடிக்குப் போனார். கட்டைச் சுவரில் கையூன்றி உள்ளே பார்த்தார். ரிஜ்வானுக்குப் போன் செய்து பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மஸ்கட்டில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். போனை இடுப்பில் செருகினார்.

"எனக்கு இது இஷ்டமில்ல. நல்லாக் கேட்டுக்கோ. இஷ்டமில்லாமத்தான் சம்மதிக்கேன். நாளைக்கு ஆரும் கேட்டா அப்படியே சொல்லணும்."

"சொல்லுவேன் மாமி."

"அரை மணிக்கூர் தா. இருக்கிய பாத்திரமெல்லாம் நெறச்சுக்கிடட்டு."

அந்த அரை மணி நேரத்தில் சுல்ஃபியா ஷிபுவுக்குப் போன் செய்தாள். அவர் கிடங்கில் பம்பு ஆபரேட்டர், நாற்பத்தைந்து வயதுக்காரர். ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வெள்ளைச் சட்டையோடு அப்படியே பைக்கில் வந்தார். அவளும் மாமியாரும் மாறி மாறி வாளி இழுத்து அண்டா, குடம், சருவம், பிரியாணிச் செம்பு என்று நிரப்பி முடித்தபோது, ஷிபு கிடங்கிலிருந்து எஞ்சின் பம்பைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்கியிருந்தார். இடையிலிருந்த சந்தின் குறுக்கே, கிடங்கில் அழுக்குத் தண்ணீர் சேர்க்கிற தொட்டிவரை குழாயை நீட்டினார்கள். முதல் இரண்டு இழுப்பில் எஞ்சின் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பிடித்தது. மணி பன்னிரண்டு.

குழாய் விறைத்துக்கொண்டு தண்ணீர் மேலேறிய அதே நேரத்தில் ராஜகுமாரின் கார் வந்து நின்றது.

"யாரு உனக்கு அதிகாரம் தந்தது?" இறங்கும்போதே கத்தினார். "ஊர் முழுக்க மைக்குல சொல்லி, கரண்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுத்து… நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?"

எஞ்சின் இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்டது. சுல்ஃபியா மூன்றாம் குழாய்க் குப்பியை நீட்டினாள். "இன்னொரு தடவை நீங்களே பாத்துக்கிடுங்க சார்."

அவர் வாங்கவில்லை. "ஷிபு, எஞ்சினை ஆஃப் பண்ணு."

ஷிபு அசையவில்லை. வெள்ளைச் சட்டை முன்புறம் முழுக்கக் கிரீஸ். "சார், வால்வத் தொறந்து போடச் சொன்னது நீங்க. தொறந்தது நான். இத நிறுத்தவும் நானேன்னா எனக்கு முடியாது."

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சேக் முகம்மது முன்னால் வந்து நின்றார். ராஜகுமார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் குப்பியை வாங்கிக் குலுக்கினார். நுரை இறங்குமென்று காத்திருந்தார். பிறகு கட்டைச் சுவரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்தபோது ஆள் வேறாக இருந்தார். "தொட்டி ஆறு மணி நேரத்துல நெறஞ்சிரும். அள்ளிட்டுப் போக டேங்கர் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். ஜெனரேட்டர் ஒன்றுக்கும் சொன்னார். மூன்று வாரமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த ஜெனரேட்டர் அது.

ஒரு மணிக்குக் கிடங்குக்குக் கரண்ட் வந்தது. உறிஞ்சுகிற மோட்டர்கள் மறுபடி இரைந்தன. தெருவுக்கு இரண்டரை மணிக்கு வந்தது. சுல்ஃபியா தெருவின் நடுவில் நின்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். மின்விசிறிகள் சுழன்றன, எங்கோ ஒரு டிவி பேசியது. ஒரு கிணற்று மோட்டரும் ஓடவில்லை.

அதன் பிறகு வந்த மூன்று நாட்கள்தான் அவளுக்குக் கொடுமையாக இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீட்டுக் கிணற்றிலும் பள்ளிவாசல் கிணற்றிலும் தண்ணீர் எடுத்துக் குலுக்கினாள். இரண்டிலும் நுரை இல்லை. திங்கட்கிழமையும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. குடிதண்ணீர் டேங்கருக்கு வரிசையில் நின்றவர்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். மூன்றாம் குழாயில் நுரையும் குறைந்துகொண்டே வந்தது. அது நல்ல செய்தியா, அல்லது அழுக்கு வேறு பக்கம் ஒதுங்கிப் போய்விட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. ரிஜ்வான் போனில், "நல்ல கெணத்த வெறுதே கெடுத்திட்டியோடீ?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, சோர்வாக. மாமி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அண்டாத் தண்ணீரை அளந்து அளந்து சமைத்தார்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு வீட்டுக் கிணற்றில் எடுத்த தண்ணீரைக் குலுக்கியபோது நுரை இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது. டீசல் வாடையும் வந்தது. சுல்ஃபியா குப்பியைப் பிடித்துக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னது சரியாகிவிட்டது. அழுக்கு வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த இடம் அவள் மாமியாரின் கிணறு. கதீஜா பீவி பின்னால் வந்து, அவள் கையிலிருந்த குப்பியை வாங்கி முகர்ந்தார்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு மாமி."

"எல்லாத்தையும் எடுத்திரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பத்தொன்பது நாள் இறைத்தார்கள். முதல் வாரம் படலம் மிதந்தது. பிறகு வாடை மட்டும், பிறகு நுரை மட்டும். பள்ளிவாசல் கிணற்றில் ஒரு நாளும் நுரை நிற்கவில்லை. பரிசோதனைக்கூட அறிக்கைகளும் அதையே சொன்னன. கீழத்தெரு மோட்டர்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

கம்பெனி தன் அறிக்கையில் மின்தடை என்று மட்டும் எழுதியது. வால்வைப் பற்றி ஒரு வரி இல்லை. அதில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது சுல்ஃபியா மறுத்தாள். தன் நோட்டில் மணி வாரியாக எழுதி வைத்திருந்ததைப் பிரதி எடுத்து, பார்வையிட வந்த அதிகாரிகளிடம் நேரில் கொடுத்தாள். அடுத்த வாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லைன்மேனுக்கு எழுதிக்கொடுத்த அந்தத் தாளைத்தான் காரணமாகக் காட்டினார்கள். அதிகாரிகள் நோட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் வேலையை நிறுத்தி விசாரித்தார்கள். மறுபடி தொடங்கியபோது, உறிஞ்சுகிற மோட்டர் நின்றால் சோப்பு வால்வும் தானாக அடைபடும்படி அமைத்த பிறகே அனுமதித்தார்கள். விசாரணையில் ராஜகுமார், வால்வைத் திறக்கச் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்காக அவருக்கும் வேலை போயிற்று. போவதற்கு முன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, கதீஜா பீவியிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மாமி அவருக்குச் சாயா கொடுத்தார், பேசவில்லை.

கிடங்கின் மண்ணில் டீசல் அளவு இப்போது அனுமதித்த அளவுக்குக் கீழே வந்திருக்கிறது. சுல்ஃபியாவின் வீட்டுக் கிணறு இன்னும் தேறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள். செடிகளுக்கு ஊற்றலாம் என்கிறார்கள், குடிக்கக்கூடாது. அந்த வீட்டுக்குப் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து தனிக் குழாய் போட்டுக் கொடுத்தார் சேக் முகம்மது. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் அவளோடு பேசுவதில்லை. கம்பெனியில் இருந்தவள்தானே என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளில் ஒருவர் சொல்லி, போன வருஷம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துச் சரிவில் கவிழ்ந்த ஒரு டேங்கரால் கெட்டுப்போன மண்ணைக் கழுவுகிற வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வால்வைத் திறக்கவும் அடைக்கவும் எழுத்தில் உத்தரவு போடுகிற பொறுப்பு அவளுடையது. தினமும் காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறாள். கதீஜா பீவி அவளுக்குச் சோற்றுப் பாத்திரம் கட்டிக் கொடுக்கிறார். கிணற்றைப் பற்றி அவர் பேசியது அதன் பிறகு ஒரே ஒரு தடவைதான். பெருநாளைக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "இவ்வளவு நல்ல கெணத்த இப்படி விட்டுக் குடுத்திட்டியளே மாமி" என்று இரங்கினாள்.

"எனக்கு இஷ்டமில்லாமத்தான் குடுத்தேன்" என்றார் கதீஜா பீவி. "ஆனா அவ எங்கிட்ட கேட்டுத்தான் எடுத்தா."